பதினைந்தாம் கிரகோரி யாரென்று கேட்கிறவர்களுக்கு

நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிரும் அந்த ‘உலகை மாற்றிய பாப்பரசர்கள்’ வீடியோவை நானும் பார்த்துத் தொலைத்தேன். தனக்கு முன்பிருந்த பாப்பரசர் ஒருவரின் பிணத்தைத் தோண்டியெடுத்து, நாற்காலியில் உட்காரவைத்து 897இல் விசாரணை நடத்திய ஆறாம் ஸ்டீபன் இருக்கிறார். ஆறாம் அலெக்சாண்டர் ஆசைநாயகிகள் சகிதம் வருகிறார். வாழ்ந்ததற்கே ஆதாரமில்லாத பெண் பாப்பரசர் ஜோனுக்குக்கூட இடமுண்டு. பதினைந்தாம் கிரகோரிக்கு மட்டும் இல்லை.

2025 மே மாதம் வத்திக்கான் புகைபோக்கியை வைத்து மீம் மீமாகப் போட்டீர்களே, உள்ளே புதுப் பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் சீட்டில் பெயரெழுதி ரகசியமாக வாக்களித்தார்களே, அந்த முறையை 1621இல் சட்டமாக்கியவர் இவர். அதற்கு முன் செல்வாக்குள்ள நாலு பேர் கூட்டம் சேர்த்து, தங்கள் ஆள் முன் மண்டியிட்டு வெளிப்படையாகவே காரியத்தை முடித்துவிடலாம். எதிர்த்தவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். உலகமெங்கும் மறைப்பணியைக் கவனிக்க ரோமில் தனிச் சபை அமைத்ததும் (1622) இவர்தான். பதவியில் இருந்தது இரண்டரை வருஷம்கூட இல்லை!

என் பாட்டி கோட்டாறு சவேரியார் திருவிழாவை விட்டதே இல்லை. கால் வீங்கிக் கிடந்தபோதும் தேர் பார்க்கப் போனார். சவேரியாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது யாரென்று கேட்டால், “ஆண்டவர்தாம்ல” என்பார். கொடுத்தது இதே கிரகோரி, 1622 மார்ச் 12இல். பாட்டிக்குத் தெரியாதது சரி. கையில் கூகுளை வைத்திருக்கும் உங்களுக்கு என்ன கேடு?

உடன்பிறந்தவர் மகனை 25 வயதில் கர்தினாலாக்கினாரே என்பீர்கள். ஆக்கினார். அன்றைக்கு யார் ஆக்கவில்லை? அடுத்தது.

மதுரையில் பிராமணத் துறவிபோல வாழ்ந்து மறைபரப்பிய இத்தாலியப் பாதிரியார் தத்துவ போதகர் (ராபர்ட் தெ நொபிலி) விவகாரத்தில், மதம் மாறியவர்களுக்குப் பூணூலையும் குடுமியையும் 1623இல் அனுமதித்து, சாதியைக் கோயிலுக்குள் விட்டவரே இவர்தான் என்பீர்கள். இது கனமான கேள்விதான். மூடநம்பிக்கை கலக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார், மதுரையைக் கண்ணால் பார்த்தவரும் இல்லை என்று நான் சமாதானம் சொல்லலாம். ஆனால் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் நிற்கும் சுவரை அவரா வந்து கட்டினார்? இடிக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, இன்று சமூகநீதி பேசும் எத்தனை பேர் கை தூக்கினீர்கள்? நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

அப்புறம், இதையெல்லாம் பங்கு வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் ‘குழுவுக்குச் சம்பந்தமில்லாதது’ என்று அழித்துவிட்டார்கள். அந்தப் பிண வீடியோ மட்டும் பத்திரமாக அங்கேயே இருக்கிறது, அட்மினின் கைகூப்பிய எமோஜியோடு.