டி.என்.ஏ. பொருந்தாவிட்டால் புதிய இனமா?

அண்ணா, திருகோணமலை ஆழ்கடலில் பிடித்த கோபிபொட்டின் (இறால், நண்டுக்கு உறவான சின்னஞ்சிறு நீருயிர்) டி.என்.ஏ. எந்தப் பதிவோடும் பொருந்தாவிட்டால் அது புதிய இனம்தான், ஒரு கிழமையில் பெயர் வைத்துவிடலாம் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. பெயர் பெற்ற கோபிபொட் இனங்கள் 10,000க்கும் மேல், அவற்றில் பெரும்பாலானவற்றின் டி.என்.ஏ. இன்னும் தரவுத்தளத்தில் ஏறவே இல்லை. 1903இல் தொம்சன், ஸ்கொட் என்ற இரு ஆய்வாளர்கள் இலங்கைக் கடல் கோபிபொட்டுகளை விவரித்தார்கள், அந்தக் காலத்தில் ஏது டி.என்.ஏ.? கையில் இருப்பது அவர்கள் பெயரிட்ட ஒன்றாகவே இருக்கலாம், பழைய படங்களோடு ஒப்பிடாமல் எப்படிச் சொல்வது?

ஒப்பிடுவதும் லேசில்லை. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் உடலைக் கிளிசரின் துளியில் கிடத்தி, கூராக்கிய தங்ஸ்தன் ஊசியால் கால்களையும் வாயுறுப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு கணுவிலும் எத்தனை முள், எத்தனை மயிர் என்று எண்ணி வரைய வேண்டும், ஊசி ஒருமுறை வழுக்கினால் அந்தக் கால் போச்சு. பல குடும்பங்களில் ஆணின் ஐந்தாம் சோடிக் கால்தான் இனத்தைக் காட்டிக்கொடுக்கும், அதுவும் கடைசித் தோலுரிப்புக்குப் பிறகுதான் முழுசாக உருவாகும், ஆகவே குஞ்சை வைத்து முடிவெடுக்கவே கூடாது. அப்புறம் மூல மாதிரியை, அதாவது புதுப் பெயருக்கு ஆதாரமான அந்த ஒரு உடலைக் குறித்து, அது எந்த நூதனசாலையில் இருக்கும் என்றும் எழுத வேண்டும், 1999க்குப் பிறகு அது இல்லாமல் பெயர் செல்லாது.

திருகோணமலைக் கொட்டியாரக்குடாவிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குகிறது, புதிய இனம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. டி.என்.ஏ.யும் வேண்டும்தான், ஆனால் அந்த ஐந்தாம் சோடிக் காலையும் வரையுங்கள்.