மொராக்கோ புதினா டீ: 2,000 வருஷக் கதை உண்மையா?

"மொராக்கோக்காரர்கள் 2,000 வருஷமாகக் குடிக்கிற மூலிகை டீ, தேயிலையே கிடையாது, காஃபினும் இல்லை" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. மூன்றுமே தப்பு.

அதில் இருப்பது சீனாவிலிருந்து வருகிற பச்சைத் தேயிலை. இலையைச் சின்னச் சின்ன உருண்டையாகச் சுருட்டியிருப்பது வெடிமருந்துக் குருணை மாதிரி இருப்பதால் அதற்கு 'கன்பவுடர்' (வெடிமருந்து) என்று பெயர். காஃபின் தாராளமாக உண்டு, ராத்திரி இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்றால் புதினாவைத் திட்டாதீர்கள். 18ஆம் நூற்றாண்டில் தேயிலை அங்கே அரண்மனைக்கு வந்த அபூர்வப் பரிசு. சாதாரண வீடுகளுக்குப் பரவியது அடுத்த நூற்றாண்டில்தான், அதுவும் ரஷ்யாவோடு நடந்த கிரிமியப் போரால் (1853–56) பால்டிக் கடல் பக்கம் விற்க முடியாமல் போன சரக்கை பிரிட்டிஷ் வியாபாரிகள் மொராக்கோவின் டாஞ்சியர், மொகடோர் (இன்றைய எஸ்ஸவீரா) துறைமுகங்களில் கொண்டுவந்து இறக்கிய பிறகு வேகம் பிடித்தது.

இந்த டீ விருந்தோம்பலின் அடையாளம் என்று அதே ஃபார்வர்டு சொல்வது மட்டும் சரி. வீட்டுக்கு யார் வந்தாலும் டீ உண்டு, கடையில் கம்பளத்துக்குப் பேரம் பேசினாலும் வரும். முதலில் கொதிநீரில் இலையை அலசிக் கசப்பைக் குறைத்து, அப்புறம் ஒரு கைப்பிடிப் புதினா, கூம்புக் கட்டியிலிருந்து உடைத்த சர்க்கரை (நம்மூர் டீயே தோற்றுவிடும் அளவுக்கு). உயரத்திலிருந்து ஊற்றுவதும் வெறும் வித்தை இல்லை, கிளாஸின் மேலே நுரை கட்ட வேண்டும்.