கண்காணிப்புக் கிணறு என்ன, பேரல் அடுக்கும் மேடையா?

"ஒரு பாட்டில் தண்ணீர் பிடிக்க இவ்வளவு நேரமா?" ரசாயனக் கிடங்குகளில் நிலத்தடி நீர் மாதிரி எடுக்கப் போகும் எங்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கேட்டுக் கேட்டு ரத்தம் கொதிக்கிறது.

முதலில் கண்காணிப்புக் கிணற்றை, அதாவது நஞ்சு பரவுகிறதா என்று பார்க்க நிலத்துக்குள் இறக்கிய மூடி போட்ட குழாயை, கண்ணால் பார்க்க விட்டால்தானே தண்ணீர் பிடிக்க? வரும் தேதியை முன்கூட்டியே சொல்லி, கிணறுகளைக் குறித்த வரைபடமும் அனுப்பியாகிவிட்டது. போய்ப் பார்த்தால் கிணற்று மூடியின் மேல் பேலட், அதன் மேல் பேரல்கள். நகர்த்தச் சொன்னால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் சாப்பிடப் போயிருக்கிறார் என்கிறார்கள். காலை நேரம் முழுக்க அதிலேயே போகிறது. அப்புறம் நம்மைப் பார்த்து நேரமாகிறதே என்று அலுத்துக்கொள்கிறார்கள்!

குழாய்க்குள் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் நிலத்தடி நீரின் உண்மையான நிலையைக் காட்டாது. அது காற்றுபட்டுக் கிடந்த தண்ணீர். பென்சீன் மாதிரி ஆவியாகிற பொருட்கள் அதிலிருந்து பறந்துபோயிருக்கும். அதை அப்படியே மொண்டு லேபுக்கு அனுப்பினால், நஞ்சு இருக்கிற இடத்திலும் சுத்தம் என்று முடிவு வரும். அதனால்தான் நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லி வரை மட்டும் வரும்படி பம்பை மெதுவாக ஓட்டுகிறோம். நீர்மட்டம் சட்டென்று இறங்காமல் பார்த்துக்கொண்டே, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அமிலத்தன்மை, மின்கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல் எல்லாவற்றையும் குறிக்கிறோம். தொடர்ந்து மூன்று அளவீடுகள் ஒத்துப்போனால்தான் நிலத்தடி நீரே வருகிறது என்று அர்த்தம், அதன் பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும். நேரம் போவது இதில்தான். சும்மா நின்று வேடிக்கை பார்க்கவில்லை.

"பெய்லரை விட்டு நாலு மொண்டு மொண்டால் முடிந்தது" என்று ஒரு மேலாளர் எனக்கே பாடம் நடத்தினார். பெய்லர் என்பது கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீர் மொள்ளும் குழல். அதைத் தொப்பென்று போட்டால் அடிவண்டல் கலங்கும். கன உலோகத்துக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் இருக்கிறது. கலங்கிய தண்ணீரை வடிகட்டாமல் அதில் ஊற்றினால், மண்துகளில் ஒட்டியிருக்கும் உலோகமும் கரைந்து கணக்கில் ஏறும். ஆக பென்சீன் குறைவாகவும் உலோகம் அதிகமாகவும் வரும். இரண்டுமே பொய். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இவ்வளவு நுணுக்கமான அளவைத் தேடும்போது 40 மில்லி குப்பிக்குள் ஒரு காற்றுக்குமிழி கூட இருக்கக் கூடாது என்று கவிழ்த்துத் தட்டிப் பார்க்கிறோம். அதைப் பார்த்து ஒருவர் சிரிக்கிறார்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் உடைந்த மூடி. ஃபோர்க்லிஃப்ட் ஏறி மூடி நொறுங்கியிருக்கும், பூட்டைக் காணோம், உள்மூடியும் இல்லை. மழை பெய்தால் தரையில் சிந்திய எண்ணெயும் கரைப்பானும் அந்தக் குழாய் வழியாக நேரே நிலத்தடிக்கு இறங்கும். மண் கொஞ்சமாவது தடுத்து நிறுத்தும், திறந்த குழாய் எதைத் தடுக்கும்? நஞ்சு பரவுகிறதா என்று பார்க்கப் போட்ட கிணற்றையே நஞ்சு இறங்கும் வழியாக்கி வைத்திருக்கிறார்கள். நான்கு பக்கமும் இரும்புக் கம்பம் நட்டு மஞ்சள் பெயின்ட் அடிக்க என்ன பெரிய செலவு?

இதில் எப்போதும் மறைந்து கிடப்பது எல்லைச் சுவரோரம், நிலத்தடி நீர் வெளியே ஓடும் பக்கம் இருக்கிற கிணறுதான். அந்தச் சுவரைத் தாண்டினால் அடுத்தவர் குடிக்கிற தண்ணீர். "அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, பக்கத்துக் கிணற்று எண்ணையே போட்டுவிடுங்கள் சார்" என்று எப்படி வாய்கூசாமல் சொல்ல முடிகிறது?

போட மாட்டேன். இனி பேரல் நகரவில்லை என்றால், "கிணற்றின் மேல் சரக்கு, மாதிரி எடுக்க இயலவில்லை" என்று படத்தோடு அறிக்கையில் எழுதுவேன். யார் எத்தனை முறை போன் செய்தாலும் அந்த வரியை எடுக்கப் போவதில்லை.