ஆற்றுவாயை எப்போது வெட்டுவது?

தேர்தல் நெருங்கினால் போதும், 'உடனுக்குடன் முடிவெடுக்கிற ஆள்தான் வேண்டும்' என்ற பேச்சு மட்டக்களப்புத் தேநீர்க் கடைகளில் தொடங்கிவிடும். ஒருவர் 'பதறாத காரியம் சிதறாது' என்பார். 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று அடுத்த மேசையிலிருந்து பதில் வரும். இரண்டு பழமொழியும் நம்மிடமே இருப்பதால் இந்த வழக்கு ஒருநாளும் தீர்வதில்லை. என்னைக் கேட்டால், வேகமா நிதானமா என்பது இரண்டாவது கேள்வி. முடிவு பிழையாகிப்போனால் திருத்த முடியுமா, அந்தப் பிழைக்கு யார் தலையில் செலவு விழும் என்பதுதான் முதல் கேள்வி. நம் வாவியின் ஆற்றுவாயை எப்போது வெட்டுவது என்பதற்கும் இதையே கேட்க வேண்டும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து வர்த்தமானி வந்தபோது 'துணிச்சலான முடிவு' என்று பாராட்டியவர்கள் என் நண்பர்களிலும் இருந்தார்கள். இத்தனைக்கும் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சேதன விவசாயத்துக்கு மாறப் பத்து ஆண்டுகள் என்றுதான் சொல்லியிருந்தார். பத்து ஆண்டு வேலையை ஒரு வர்த்தமானியில் முடிக்கப் பார்த்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. நெல் வர்த்தமானி படித்து வளர்வதில்லை. தூர் கட்டும் நேரத்தில் யூரியா கிடைக்காமல் பயிர் மஞ்சள் பூத்து நின்றுவிட்டால், பிறகு கப்பல் வந்தென்ன, வராவிட்டால்தான் என்ன? நகையை அடகு வைத்து விதைத்தவர்தான் வட்டி கட்டினார். முடிவெடுத்தவர் வீட்டில் ஒரு காப்பும் அடகுக்குப் போகவில்லை.

இதை வைத்துக்கொண்டு 'அதனால்தான் பொறுமை வேண்டும்' என்று யாரும் கீழே எழுத வேண்டாம். 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே தேவாலயங்களில் தற்கொலைத் தாக்குதல் நடக்கலாம் என்று இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. 21ஆம் திகதி நம் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகளும் இறந்தார்கள். இடைப்பட்ட நாட்களில் கடிதம் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தது. இதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. யோசித்துப் பாருங்கள்: எச்சரிக்கையை நம்பித் தேவாலயங்களுக்குச் சொல்லியிருந்து, அது பொய்த்துப் போயிருந்தால் என்ன நட்டம்? ஓர் ஆராதனை தள்ளிப்போயிருக்கும். அவ்வளவுதான். அங்கே தாமதித்ததை நிதானம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

(கோயில் நிர்வாகிகளான வண்ணக்கர்மாரின் கூட்டம் நள்ளிரவு வரை இழுபடுவதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் ஒரு பயிரும் அழுகப் போவதில்லை.)

கடினமானது நம் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம்தான். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து பாலமீன்மடுவில் ஆற்றுவாயை அடைத்துவிடும். மாரியில் வாவி நிரம்பினால் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களில் வெள்ளம் ஏறி நிற்கும். இளம்பயிர் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் அழுகும். 'வெட்டுங்கள்' என்பார்கள் விவசாயிகள். வாவி வற்றி இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்று 'பொறுங்கள்' என்பார்கள் மீனவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. மணல்திட்டில் பெக்கோ இயந்திரம் தோண்டுவது ஒரு சின்ன வாய்க்கால்தான். மிச்ச வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். இரு கரையும் பாளம் பாளமாகச் சரியும், நின்று பார்க்கும்போதே வாய் அகன்றுகொண்டு போகும். பிறகு எந்த அதிகாரி கையொப்பமிட்டாலும் மூடாது. கடலாகப் பார்த்து மணல் போட்டால்தான் உண்டு.

மழை கொட்டும் இரவில் இரு தரப்பும் தொலைபேசியில் கத்தும்போது எவ்வளவு பெரிய நிர்வாகியாலும் நியாயமாக யோசிக்க முடியாது. யோசிக்க வேண்டிய மாதம் ஓகஸ்ட். வயல் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானைமாரையும் மீனவர் சங்கங்களையும் ஒரே மேசையில் இருத்தி, சண்டை பிடிக்கவும் விட்டு, வாவி நீர் எந்த அடியைத் தொட்டால் வெட்டுவது என்று எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். நவம்பரில் அளவுகோலைப் பார்த்து உத்தரவு போட ஐந்து நிமிடம் போதும். அந்த அளவைக் கமநல சேவை நிலையங்களிலும் மீன் சந்தைகளிலும் கொட்டை எழுத்தில் ஒட்டி வையுங்கள். எப்போது வெட்டுவார்கள் என்று யாரும் யாரையும் கேட்கத் தேவையிருக்காது.