வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுக்காதீர்கள்

சென்னைக் காசிமேட்டில் எங்கள் வீட்டு முன்னறையில், தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க மாலை ஆறு மணிக்கு விரிக்கும் பாயை எட்டு மணிக்குச் சுருட்டிவிடுவேன். அதற்கு மேல் நீட்டுவதில்லை. இங்கே பல வீடுகளில் அம்மாக்கள் விடியற்காலை இரண்டு மணிக்கே எழுந்து, ஏலத்தில் மீன் எடுக்கத் துறைமுகத்துக்குப் போகிறவர்கள். எட்டரை மணிக்கு விளக்கை அணைத்தால்தான் அவர்களுக்குக் கொஞ்சம் தூக்கம். வீடே ஒற்றை அறை என்பதால் பிள்ளையின் புத்தகமும் அத்துடன் மூடிக்கொள்ளும். வெளிச்சமும் உட்கார இடமும் சேர்ந்து கிடைப்பது இந்த இரண்டு மணி நேரம்தான்.

2022 ஜூனில் ஆறு பிள்ளைகளுடன் தொடங்கினேன். இப்போது பதினெட்டுப் பேர். காசு வாங்குவதில்லை. நான் பிறந்ததும் இதே தெருவில்தான், என் அம்மாவும் மீன்கூடை சுமந்தவர். பகலில் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆசிரியர் பயிற்சி பெற்றவள் அல்ல. ஆனாலும் இலவசமாகச் சொல்லிக்கொடுக்க முன்வரும் ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுக்காதீர்கள்.

முதல் வருடம் முழுவதும் நான் அதைத்தான் செய்தேன். எந்தக் கேள்விக்கு எந்தப் பத்தியில் பதில் இருக்கிறது என்று பென்சிலால் கோடிட்டுக் கொடுப்பேன். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். எட்டு மணிக்குள் எல்லா நோட்டும் முடிந்துவிடும். பள்ளியில் திட்டு இல்லை, வீட்டில் நிம்மதி. "உங்களிடம் வந்த பிறகுதான் இவள் ஒழுங்காக எழுதுகிறாள், டீச்சரம்மா" என்று ஓர் அம்மா நான்கு சங்கரா மீனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அவருடைய மகள் 2023-இல் ஐந்தாம் வகுப்பு. முத்து முத்தான கையெழுத்து. ஒருநாள் அவள் எழுதி முடித்த பதிலின் நடுவில் விரலை வைத்து, "இந்த வரியை மட்டும் வாசி" என்றேன். பேச்சே இல்லை. "முதலிலிருந்து ஆரம்பிக்கட்டுமா மிஸ்?" என்று கேட்டாள். ஆரம்பித்தாள், கடகடவென்று ஒப்பித்தாள். மறுபடி நடுவில் விரல் வைத்தேன். 'கடற்கரை' என்று தன் கையாலேயே எழுதியிருந்ததை 'கடவுள்' என்று வாசித்தாள். முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்திருக்கிறாள். கொ, கோ என்று வரும் இடங்களில் கொம்பைத் தனி எழுத்தாக நினைத்துத் தடுமாறினாள். ஒரு வருடம் என் கண்ணெதிரே உட்கார்ந்து எழுதிய பெண். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவள் முதல் வகுப்பு. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அன்று அவள் போய் உட்கார்ந்தது மூன்றாம் வகுப்பில். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழக வேண்டிய காலம் முழுவதும் அந்த ஒற்றை அறைக்குள் கழிந்துவிட்டது. அதற்குப் பிறகு பாடம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. நான் கோடிட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். 2021-இல் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் போய்ப் புலம்பினேன். "நீ ஏன் எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்கிறாய்? வாசிக்கச் சொல்லிப் பார். எங்கே திக்குகிறதோ அங்கே இருந்து ஆரம்பி" என்றார். மறுநாளே பாயில் உட்காரும் வரிசையை மாற்றினேன். ஏழாம் வகுப்புப் பையனும் மூன்றாம் வகுப்புப் பெண்ணும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். பெரிய பையன்களுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்த பிறகு கூச்சம் போய்விட்டது.

கணக்கில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் 500-இலிருந்து 178-ஐக் கழித்து 478 என்று எழுதினான். பூஜ்ஜியத்திலிருந்து எட்டைக் கழிக்க முடியாது என்பதால் எட்டிலிருந்து பூஜ்ஜியத்தைக் கழித்திருக்கிறான். அடுத்த இடத்திலும் அதே. இவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டியுடன் மீன் விற்க உட்காருகிறவன். "178 ரூபாய் மீனுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மீதி எவ்வளவு கொடுப்பாய்?" என்றேன். "322" என்றான், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எப்படி என்றேன். "178-க்கு இரண்டு போட்டால் 180, இருபது போட்டால் 200, அப்புறம் முந்நூறு." பிறகு தன் நோட்டைப் பார்த்தான். "பாட்டி என்னை வெளுத்துவிடும் மிஸ்" என்று சிரித்துக்கொண்டே அழிரப்பரை எடுத்தான்.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதையே கண்டு 2025-இல் எழுதியிருக்கிறார்கள். சந்தையில் மனக்கணக்கைப் பிசகாமல் போடும் பிள்ளைகள், அதே அளவு கணக்கைப் பள்ளியில் கேட்கும் விதத்தில் தாளில் கொடுத்தால் திணறுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறாது என்று என் காதுபடச் சொன்னவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரையாவது ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பாட்டியின் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.

வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவைத்தால் எதிர்ப்பு வரும். எனக்கும் வந்தது. நோட்டு முடிக்கவில்லை என்று ஒரு பள்ளியில் இரண்டு பேரை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். ஓர் அம்மா கோபித்துக்கொண்டு பிள்ளையைக் காசு கட்டும் ட்யூஷனில் சேர்த்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இரவெல்லாம் உழைக்கிறவருக்கு நோட்டில் சிவப்பு மையில் விழும் 'சரி' ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் ஆதாரம். இப்போது கடைசி அரை மணி நேரம் வீட்டுப்பாடத்துக்கு விடுகிறேன். முடிந்த வரை அவர்களே எழுதட்டும், தப்பாக இருந்தாலும்.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்கக் கூடாது என்பதை முழுமனதாக ஆதரிக்கிறேன். ஃபெயில் ஆக்கினால் எங்கள் பிள்ளை படிப்பை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கத்தான் போகும். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும். நோட்டும் பையும் செருப்பும் வாங்க வேண்டிய ஜூன் மாதத்தில்தான் வீட்டில் சுத்தமாகக் காசு இருக்காது. தடை முடிந்து படகு கிளம்பும்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்பாவுடன் ஏறிப் போய்விட்டான். அவன் வீட்டுக்கு நான்கு முறை நடந்தேன். வரவில்லை. தாளில் இருப்பதை வாசிக்கத் தெரிந்திருந்தால் ஒருவேளை வந்திருப்பான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்று. சனிக்கிழமை ஸ்கெட்ச் பேனா, பிஸ்கட் பாக்கெட்டுடன் வந்து, படம் எடுத்துக்கொண்டு, மூன்று வாரத்தில் நின்றுவிடுகிறவர்கள் தயவுசெய்து வராதீர்கள். அவர்கள் மனது நல்ல மனதுதான். ஆனால் ஒரு பிள்ளை இரண்டு மாதம் என்னிடம் "அந்த அக்கா ஏன் வரவில்லை, நான் படிக்கவில்லை என்றா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

'கடவுள்' என்று வாசித்த பெண் இந்த வருடம் ஏழாம் வகுப்பு. இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். போன மாதம் அவளை ராஜாஜி சாலை வழியாகப் பஸ்ஸில் அழைத்துப் போனேன். ஆட்சியர் அலுவலகத்தைத் தாண்டும்போது ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "சிங்... கார... வேலர்... மாளிகை" என்று வாசித்தாள். யார் அவர் என்று கேட்டாள். மீனவர் குடும்பத்தில் பிறந்து வழக்கறிஞர் ஆனவர், 1923-இல் இதே சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியவர் என்றேன். "நம்ம ஆளா?" என்று திரும்பிப் பார்த்தாள். பஸ் நின்ற ஒவ்வொரு இடத்திலும் அதற்குப் பிறகு ஒரு பலகையை வாசித்தாள்.

செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் எனக்கு இன்னொருவர் துணை வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கும் பிழையில்லாத தமிழும் தெரிந்தால் போதும். காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் என்றால் நல்லது. அடுத்த ஏப்ரல் வரை வர முடியுமா என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள்.