குருஷினியானி பச்சை மசூதி: அது பிடுங்கப்பட்ட தேவாலயம் அல்ல

இரண்டு கோபுரங்களோடு பச்சை வண்ணத்தில் நிற்கும் ஒரு மரக்கட்டடத்தின் படம். "போலந்தில் அகதிகள் கைப்பற்றி மசூதியாக்கிய தேவாலயம்" என்ற வரியோடு அது பகிரப்படுகிறது. இது பொய்.

படத்திலிருப்பது போலந்தின் கிழக்கே, பெலாரஸ் எல்லையை ஒட்டிய குருஷினியானி கிராமத்து மசூதி. தொடக்கம் முதலே அது தொழுகைக்காகக் கட்டப்பட்டதுதான். தாத்தாரியர்கள் (துருக்கிய மொழி வழி வந்த முஸ்லிம் இனத்தவர்) அங்கே குடியேறியது 1679இல். அழைத்து நிலம் கொடுத்தவர் போலந்து மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி. படையில் பணிபுரிந்த அவர்களுக்குச் சம்பள பாக்கி சேர்ந்திருந்தது. கருவூலத்தில் பணமில்லை, அதனால் ஊர்களைக் கொடுத்தார். 1683இல் வியன்னாவை முற்றுகையிட்ட உதுமானியரை அதே சோபியெஸ்கி முறியடித்தபோது, அவர் படையில் தாத்தாரியக் குதிரைவீரர்களும் இருந்தார்கள். வதந்தி பரப்புவோர் இதை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

பிறகு ஏன் தேவாலயம் போலத் தெரிகிறது? கட்டியவர்கள் உள்ளூர்த் தச்சர்கள். அவர்கள் கைக்குப் பழகிய வடிவம் அந்தப் பகுதியின் மரத் தேவாலயங்கள்தான். ஆனால் கோபுர உச்சியைப் பாருங்கள், பிறை இருக்கிறது. தெற்குச் சுவரில் மெக்காவை நோக்கிய மிஹ்ராப், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் மாடம், வெளியே புடைத்து நிற்கிறது. பெண்கள் தொழத் தனி அறையும் உண்டு. அருகிலேயே தாத்தாரியரின் பழைய கல்லறைத்தோட்டம்.

போகோனிகி ஊரிலும் இதுபோல் ஒரு மர மசூதி உள்ளது. 2012இல் போலந்து அரசு இரண்டையும் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவித்தது. மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக அந்த மண்ணில் வாழ்பவர்களை நேற்று வந்தவர்கள் என்பது பெரும் அநியாயம். அந்தப் படம் உங்களுக்கு வந்தால், அனுப்பியவரிடம் இதைச் சொல்லுங்கள்.