அந்த பாரிஸ் மாளிகையை நெப்போலியன் கட்டவில்லை

சேன் நதிக்கரையில் குவிமாடத்தோடு நிற்கும் ஒரு மாளிகைப் படத்தைப் போட்டு, "லெஜியன் ஆஃப் ஹானர் (பிரான்ஸின் மிக உயர்ந்த விருது) விருதுக்காக நெப்போலியன் கட்டியது, 200 வருஷமாக உள்ளே ஒரு கல்கூட மாறவில்லை" என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது. இரண்டுமே தப்பு.

அதன் பெயர் ஒத்தெல் த சால்ம். சால்ம்-கிர்பூர்க் என்ற ஜெர்மானியச் சிற்றரசின் இளவரசர் மூன்றாம் ஃபிரெடெரிக்குக்காக பியேர் ரூஸோ என்ற கட்டடக் கலைஞர் 1782-ல் தொடங்கிய வீடு அது. அப்போது நெப்போலியன் பள்ளிக்கூடத்துப் பையன்! தெருப்பக்கம் ரோமானிய வெற்றி வளைவு மாதிரி வாசல், உள்ளே முற்றத்தைச் சுற்றி அயோனியத் தூண் வரிசை, ஆற்றுப்பக்கம் அரைவட்டமாகப் பிதுங்கி நிற்கும் கூடம் என்று பழைய கிரேக்க-ரோமானியப் பாணியைப் பின்பற்றிய அசல் நியோகிளாசிக்கல் வேலை. அமெரிக்கத் தூதராக அங்கே இருந்த தாமஸ் ஜெஃபர்சன் (பின்னாளில் அமெரிக்க அதிபர்), எதிர்க்கரைத் துயிலரி தோட்டத்தில் உட்கார்ந்து அது எழும்புவதையே பார்த்துக்கொண்டிருப்பாராம்.

கட்டச் சொன்ன இளவரசருக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை, பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794-ல் கில்லட்டினில் தலை போனது. அந்த விருதை நிர்வகிக்கும் லெஜியன் அமைப்பு கட்டடத்தை வாங்கியது 1804-ல். அந்தக் கட்டடமும் 1871-ல் பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சியின் கலவரத்தில் எரிந்து சுவர்தான் மிஞ்சியது. விருது பெற்றவர்கள் பணம் போட்டுத் திரும்பக் கட்டினார்கள். அதனால் உட்புற அலங்காரம் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

சந்தேகமிருந்தால் பிரெஞ்சு அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கான மெரிமே தரவுதளத்திலும், லெஜியனின் சொந்த இணையதளத்திலும் பாருங்கள். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் தள்ளிவிடாதீர்கள், அனுப்பியவருக்கு வேண்டுமானால் இதை அனுப்புங்கள்.